வண்டியை விற்காதே, சங்கரா

சங்கரா,

பக்கத்து வீட்டு சாரதா அக்கா இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் ரயில் ஏறுகிறாள். மகளுக்குப் பிரசவம். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலையில் இறங்கியதும் முதல் வேலையாக நீ தங்கியிருக்கும் வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று அவளிடம் சத்தியமே வாங்கிவிட்டேன். வண்டியை வாங்கப்போகும் பட்டறைக்காரர் சனிக்கிழமைதான் ஊர் திரும்புவார் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை அப்பாவின் காரை அவரிடம் காட்டாதே. காட்டிவிட்டாயானால் விலை பேசாதே. பேசிவிட்டாயானால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் வருகிறேன் என்று ஏதாவது புளுகிவிட்டு எழுந்து வா. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வயதாகியும் உனக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வராது. அதனால்தான் நானே சொல்லித் தருகிறேன்.

நீ மனதில் போட்டு வைத்திருக்கும் திட்டம் எனக்குத் தெரியாததல்ல. வண்டியை அங்கே விற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலையில் அப்பா வேலை பார்த்த அதே ஃபாக்டரியில், அப்பா செத்ததற்காகக் கம்பெனி கொடுக்கும் வேலையில் சேர வேண்டும். இந்த குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகாமல் அம்மாவை இதிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். காலனியே உன்னை மெச்சுகிறது. தங்கமான பையன் என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ தங்கமாக இருப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய தலைவலி. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் ரயில் ஏறி வந்து என் முன்னால் நின்று சண்டை போடுவாய். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. இந்த முதல் தாளைத்தான் இன்று எழுதினேன், மற்றதெல்லாம் இரண்டு மூன்று நாளாக விட்டு விட்டு எழுதியது, மரியாதையாக வரிசையாகப் படி.

கல்யாணமாகி செகந்திராபாத் பக்கத்து இந்த ராமச்சந்திராபுரத்துக்கு வந்த முதல் வாரத்தில் நடந்த ஒரு கூத்தை உனக்குச் சொன்னதில்லை. காய்கறி வாங்கித் திரும்பும்போது ஒரு வரிசை தள்ளி வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன், பையை மூலையில் வைத்தேன், ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபிக்குப் பாலை ஏற்றினேன். தீப்பெட்டிகூட நம் வீட்டில் இருக்கும் அதே மாடத்தில் இருந்தது. பால் பொங்குகிற நேரத்தில் இடுப்பில் துண்டோடு குளித்துவிட்டு ஒரு மலையாளத்துக்காரர் வந்து நின்றார். அவரும் கத்தினார், நானும் கத்தினேன். அவர் வீட்டுப் பாலை அவர் வீட்டு அடுப்பில் வைத்துக்கொண்டு, நீங்கள் யார், என் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று நான் அவரை அதட்டியிருக்கிறேன். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திருநெல்வேலியில் எங்கள் வீடு ஓட்டு வீடுதான், மழைக்கு ஒழுகும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் இன்னொருத்தர் வீட்டுக்குள் போய்விட முடியாது. இங்கே வீடு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் கம்பெனியுடையது. சங்கு ஊதினால் சோறு வடிக்க வேண்டும், மறுபடி ஊதினால் காபி போட வேண்டும். கழுத்துச் சங்கிலி ஒன்றுதான் எங்கள் அப்பா போட்டு அனுப்பியது. ஊரில் என் அக்கா தங்கச்சிகளுக்கு என் மேல் பொறாமை. எனக்கு மூச்சு முட்டியது. யாரிடம் போய்ச் சொல்ல? எல்லாம் கிடைக்கிற இடத்தில் இருந்துகொண்டு மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் யாருமே நம்ப மாட்டார்கள்.

உனக்கு நாலு வயதிருக்கும்போது உன் அப்பா அந்தக் காரைக் கொண்டுவந்தார். பேகம்பேட்டில் யாரோ ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் ஓட்டியது என்றார். சிவப்பு நிறம் என்று அவர் சொன்னார், துரு என்று நான் சொன்னேன். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்குகிற துணிக்கூரை. மடக்கலாம், திரும்ப விரிக்கத்தான் முடியாது. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், இரண்டு சீட்டு கார் எதற்கு என்று கேட்டேன். பயலை மடியில் வைத்துக்கொள் என்றார். பயல் வளர மாட்டானா என்று கேட்டேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அன்றைக்கு உள்ளே விட்ட தலையைப் பதினேழு பதினெட்டு வருஷம் அவர் வெளியே எடுக்கவில்லை. பிறகு எனக்குப் புரிந்தது. பகலெல்லாம் ஃபாக்டரியில் வீட்டளவு இரும்பைக் கடைவார். அது லாரி ஏறி எங்கேயோ ஒரு கரண்டு உற்பத்தி நிலையத்துக்குப் போய்ச் சுற்றும். தான் கடைந்த ஒன்று ஓடுவதை அந்த மனிதர் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. சாயங்காலம் வந்து தன் கையால் முறுக்கிய போல்ட்டு தன்னையே தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க அவருக்கு ஆசை. அது தப்பில்லை. ஆனால் நீ கல்யாணம் செய்துகொண்டால் நாலு சீட்டு வண்டி வாங்கு, உன் பெண்டாட்டியாவது நிம்மதியாக இருக்கட்டும்.

அவர் பைத்தியம் போதாதென்று நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய். யாரோ கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகையில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கார் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட் போய் வருவதற்குள் முன்பக்கத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிந்துவிட்டாய். வண்டி சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டது. அதுவும் பற்றவில்லை. பழைய இரும்பு பம்பரைக் கழற்றிவிட்டு, பட்டான்செருவில் ஃபைபர் தொட்டி செய்கிற ஒரு இடத்தில் சொல்லி, தாடை மாதிரி கீழே தொங்கும் ஒரு பம்பரைச் செய்துகொண்டு வந்து மாட்டினாய். ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல்தான் போகும். அப்பா ஷிப்டு முடிந்து வந்து உன் தோலை உரிக்கப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். மனிதர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முன்னால் குந்தி உட்கார்ந்தார், “ஏல, பாயப் போற புலி மாதிரில்லா இருக்கு” என்றார். உங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு நான் சோறு போட்டதே பெரிய விஷயம்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோடு கடக்கிற இடமெல்லாம் ஸ்பீடு பிரேக்கர் போட்டார்கள். காலனி கேட்டுக்கு முன்னால் போட்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மிச்சமான தாரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டார்களோ என்று நினைக்கும்படி ஒரு மேடு. கார் வெளியே போக வேறு வழி கிடையாது. நேராக ஏறினால் பம்பர் நடுவில் இடிக்கும் என்பதால் உன் அப்பா வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். அவர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் எப்படியோ தாண்டிவிடும். நானும் உட்கார்ந்தால் என் பக்கம் தாழ்ந்து, பம்பரின் இடது மூலை தாரில் தேய்ந்து அழும். அதனால் கேட் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், “கொஞ்சம் இறங்கிக்கிடுதியா?” என்பார். நான் இறங்கி நடந்து மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்பேன். வண்டி ஆடி ஆடி வந்து சேர்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்வேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை முழுக்க என்னையே பார்க்கும். செகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிய நாளில் அந்த வரிசையிலிருந்து யாரோ, மேடம் எடை கூடிவிட்டாரா என்று சிரித்தார்கள். அன்றைக்கு அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். இனிமேல் அந்த வண்டியில் ஏறினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று கத்தினேன். பழைய ஸ்பிரிங்கை மாட்டித் தொலையுங்களேன் என்றால், அறுத்ததை ஒட்ட முடியாது, புதிது சீமையிலிருந்து வர வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னீர்கள். அதற்கப்புறம் உன் அப்பாவும் வெளியே எடுத்துப் போவதை விட்டுவிட்டார். சாயங்காலமானால் சின்ன மேடுகள் இருக்கும் தெருக்களாகப் பார்த்துக் காலனிக்குள்ளேயே ஒரு சுற்று, திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்துவார். கேட்டருகில் வரை போய், வெளியே போகும் லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது பாவமாக இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வந்து பேசவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு.

அவர் போனதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். காலையில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனவரை மத்தியானம் கம்பெனி ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். வேலை செய்கிற இடத்து மனிதர்கள் நல்லவர்கள், ஒரு குறை வைக்காமல் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டு எழுந்ததும், ஆபீஸர்களும் யூனியன்காரர்களும் உன் தோளில் கை போட்டு, கவலைப்படாதே, குடும்பத்தில் ஒருத்தருக்கு வேலை நிச்சயம், குவார்ட்டர்ஸும் உங்களுக்கே இருக்கும் என்றார்கள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. அவர்களுக்கென்ன, பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடலாம். நீ தலையை ஆட்டினாய். அந்த ஆட்டலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் காலனியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். சட்டப்படி முதல் உரிமை பெண்டாட்டிக்குத்தான். ஆனால் வளர்ந்த பிள்ளை இருந்தால், எனக்கு வேண்டாம், என் மகனுக்குக் கொடுங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட வேண்டும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். பிள்ளை அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அப்பாவின் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் ஷிப்டுக்கே போவான். பத்து வருஷத்தில் பின்னாலிருந்து பார்த்தால் அப்பனா மகனா என்று தெரியாது. அந்தப் பையன்கள் யாரும் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்க்கப் போன நீ, எவனோ ஒருத்தனுடைய வண்டி கிளம்பவில்லையென்று உள்ளே புகுந்து சரி செய்துவிட்டு, அதைச் செய்த மெட்ராஸ் பட்டறைக்காரர் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வேலைக்கு வா என்று சொன்னாரென்று வீட்டு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாயே, அது எனக்கு மறக்கவில்லை. அப்பா போன பிறகு அந்தப் பட்டறை வேலையின் பேச்சையே நீ எடுக்கவில்லை. அவர் போட்ட கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. பந்தய வண்டி செய்ய வேண்டியவன், வீட்டில் மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. சாப்பிடும்போது உன் மேல் எரிந்து விழுந்தேனே, அது சாம்பாருக்காக இல்லை.

கடைசியில் வண்டியை அவரிடமே விற்றுவிடுவது என்று முடிவு செய்தாய். விற்பதற்குக்கூட அதை முதலில் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. ரயிலில் ஏற்றி அனுப்பு என்றார்கள். ஓட்டிக்கொண்டு போய், ஓடுகிற வண்டியாகத்தான் கொடுப்பேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். விஜயவாடா ரோட்டில் நாலு விரல் இடைவெளியை வைத்துக்கொண்டு ஒரு ஊர் தாண்ட முடியாது, அதனால் பம்பரை உயர்த்துவது என்று முடிவானது. செகந்திராபாத்திலிருந்து யூசுப் பாய் வந்தார். அப்பா காலத்திலிருந்து வண்டிக்கு டிங்கரிங் பார்க்கிறவர். அவர் பம்பரின் அடிப்பாகத்தை அப்படியே அறுத்துவிடலாம் என்றார். அறுத்தால் ரேடியேட்டரின் அடி வெளியே தெரியும், முதல் மேட்டிலேயே அது கிழியும் என்று நீ சொன்னாய். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து வெயில் ஏறுகிறவரை வாதாடினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறேன், தெரியாத அளவைத் துணியில் நேராக வெட்டியதே இல்லை, பேப்பரில்தான் முதலில் வெட்டிப் பார்ப்பேன். பழைய பேப்பரைக் கொண்டுவந்து பம்பர் மேல் ஒட்டி, பின்கழுத்து வெட்டுகிற மாதிரி நடுவில் இறக்கி, இரண்டு மூலையையும் நன்றாக மேலே ஏற்றி வரைந்து காட்டினேன். நடுவில் ரேடியேட்டர் மறையும், இடிக்கிற மூலை எழும்பிவிடும். யூசுப் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, “அம்மா பராபர் போல்ரைன்” என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். உனக்குத்தான் ஒப்புக்கொள்ள மனசில்லை. பேப்பரை இரண்டு தடவை கிழித்து மறுபடி வரையச் சொன்னாய். மூன்றாவது பேப்பர்தான் உனக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்த வேலை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. பேப்பரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டாய். நான் இடது பக்கத்தைத் தாங்கிப் பிடித்தேன், நீ ரம்பத்தை இழுத்தாய். ஃபைபர் தூள் பறந்து உடம்பெல்லாம் அரித்தது, வெட்டிய ஓரம் பிரிந்து வராமல் ரெசின் பூசித் தேய்த்தாய், பிராக்கெட்டில் மேலே புது ஓட்டை போட்டுப் பம்பரையே தூக்கி மாட்டினாய். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு தகடு வைத்தாய். தொங்கிக்கொண்டிருந்த சைலன்ஸர் குழாயையும் மேலே இழுத்துக் கட்டினாய். அந்த நாட்களில் நீ விசிலடித்தாய். அப்பா போன பிறகு முதல் தடவையாக இன்னொரு கரண்டி சோறு கேட்டாய். ரெசின் பூசத் தொடங்கிய அன்று யூசுப் பாய், “கைக்கு பேச்ரே மியா?” என்று கேட்டார். இவ்வளவு பாடுபட்டுவிட்டு எதற்கு விற்கிறாய் என்று கேட்கிறார். நீ நிமிர்ந்து பார்க்காமல், “நௌக்ரி மில்கயா பாய்” என்றாய். வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷச் செய்தியை இழவு சொல்கிற குரலில் சொன்னாய். அவர் முபாரக் என்று வாழ்த்திக் கையை நீட்டினார். கையெல்லாம் ரெசின் என்று சொல்லிவிட்டு நீ கை கொடுக்கவில்லை. நான் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், ஏறும்மா, சரி பார்க்கலாம் என்றாய். பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னதெல்லாம் எனக்கு நினைவு வந்தது. இருந்தாலும் ஏறினேன். கேட் நெருங்கியதும் என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. “நக்கோம்மா, உக்காரு” என்றாய், இறங்க வேண்டாமாம். வண்டியைக் கோணலாகக்கூடத் திருப்பவில்லை, நேராக ஏற்றினாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தேய்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. பின்சக்கரமும் இறங்கிய பிறகு பஸ் வரிசையைப் பார்த்து நீ ஹாரனை அடித்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன், உன் அப்பா இருந்திருக்க வேண்டும் என்று நினைத்ததும் அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. பட்டான்செரு ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே வைத்துத்தான் உன்னிடம் கேட்டேன்.

“அந்த மெட்ராஸ் பட்டறை உனக்கு வேண்டாமால?”

நீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய். “வேணும்னா மட்டும் என்ன பண்றதும்மா? நான் போய்ட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. நீ எங்க போவ?”

நான் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். திரும்பிக் காலனிக்குள் வரும்போது அதே மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. நான் எங்கே போவேன் என்று கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

எனக்கு வேண்டாம், மகனுக்குக் கொடுங்கள் என்று நான் எழுதிக் கொடுக்கவேயில்லை. எழுதியாச்சா என்று நீ கேட்டபோது ஆச்சு என்றேன். பொய். அந்தச் சமயத்தில் எனக்கு எந்த யோசனையும் இல்லை, கை ஓடவில்லை, அவ்வளவுதான். நீ யூசுப் பாய்க்குக் கை கொடுக்காத அன்றைக்கு மறுநாள், பர்சனல் ஆபீஸுக்குப் போய் வேலையை எனக்கே கொடுங்கள் என்றேன். பதினோராம் வகுப்புத் தேறியிருக்கிறேன், நாற்பத்து நாலு வயதுதான் ஆகிறது. அங்கே இருந்த குமாஸ்தா எனக்காகவே வருத்தப்பட்டார். பையன் டிப்ளமோ படித்திருக்கிறான், அவனுக்கு டெக்னீஷியன் வேலை, உங்களுக்கு அட்டெண்டர் வேலைதான் கிடைக்கும், ஃபைல் தூக்க வேண்டும், இந்த வீடு போய் ஒரு ரூம் வீடுதான் தருவார்கள், யோசியுங்கள் அம்மா என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். நீ பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்த நாளில், சாரதா அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெடிக்கல் டெஸ்டுக்குப் போய் வந்தேன். சேர வேண்டிய நாள் திங்கட்கிழமை என்று உன்னிடம் சொன்னது நான்தான். அவர்கள் வரச் சொன்னது வியாழக்கிழமை, அதுவும் என்னை. நீ புதன்கிழமை கிளம்பிவிட்டாய், கடவுள் புண்ணியம்.

வியாழக்கிழமை காலையில் போனேன். வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்க வேண்டும். அங்கே ஆபீஸர் யார் தெரியுமா? சுப்பாராவ். உன் அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டவர், தீபாவளிக்குத் தீபாவளி நம் வீட்டில் அதிரசம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டிக்கொண்டு போனவர். நான் வரைபடச் சுருள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் பதறி எழுந்து நின்றுவிட்டார். “அம்மகாரு, மீரு கூர்ச்சோண்டி” என்று தன் எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தேன் என்றால் அப்புறம் ஒருநாளும் அங்கே வேலை பார்க்க முடியாது என்று தெரிந்தது. “மீரு கூர்ச்சோண்டி சார்” என்றேன். அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார், பிறகு உட்கார்ந்தார். நான் சுருள்களை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து, பெண்கள் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

தியாகம் அது இது என்று கண்ணைக் கசக்காதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ரிட்டையர் ஆகிறவரை இதே காலனி, இதே சங்கு, இதே முகங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மூச்சு முட்டிய இடத்திலேயே மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு ரூம் வீட்டில் தையல் மெஷினை எங்கே போடுவது என்று இன்னும் தெரியவில்லை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இதையெல்லாம் மறைக்க மாட்டேன். ஆனால் உன்னை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அது எனக்கு இதைவிட மூச்சு முட்டும். அந்தப் பட்டறைக்காரரிடம் விற்க வந்தேன் என்று சொல்லாதே, வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொல். வண்டி நீ செய்தது, அவர் பார்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்க் கையோடு கண்ணைத் தேய்க்காதே, மாதம் ஒரு கடிதம் போடு.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபத்தோடு வேலை செய். திங்கட்கிழமை இங்கே வந்து நின்றால் அந்த ஆபீஸில் உனக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. ஒரு சாவுக்கு ஒரு வேலைதான் கொடுப்பார்கள். உன் அப்பாவின் சாவுக்குக் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன்.

சாரதா அக்கா வாசலில் கூப்பிடுகிறாள்.

உன் அம்மா,
அட்டெண்டர், வரைபடப் பிரிவு.